மூன்றில் ஒரு பங்கு

முந்நூற்று அறுபது சொல்.
நூற்று இருபதாக்க வேண்டும்,
சொந்த நடையில், தலைப்போடு.
மதிப்பெண் பதினைந்து.

கொசப்பேட்டையில் தண்ணீர் கேன் கடையின் பின்னறை.
காலி கேன்களை ஓரமாகத் தள்ளிவிட்டு
நானும் முபீனாவும் உட்கார்ந்திருக்கிறோம்.
ஞாயிற்றுக்கிழமை நடுப்பக்கத்துக் கட்டுரை,
ஆளுக்கொரு ஜெராக்ஸ்.
'காலநிலைத் தகவமைப்பு: காத்திருக்க நேரமில்லை.'
எழுதியவர் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள்.
அவை சொற்கணக்கில் வராது.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொடக்கூடாது என்பாள் முபீனா.
இரண்டாம் வாசிப்பில் தொட்டேன்.
'நெகிழ்திறன்' ஆறு இடத்தில் வருகிறது,
ஐந்தை அடித்தேன்.
'உடனடியாக', 'போர்க்கால அடிப்படையில்', 'இனியும் தாமதிக்காமல்':
மூன்றும் ஒரே அவசரம்தான்.
ஒன்று போதும்.

தலைக்கு மேல் ஃபேன்
வெந்நீரைக் கரண்டியால் கலக்குகிறது.
கத்திரி முடிந்து பதினோரு நாள்.
முடிந்ததை மலைகளுக்கு யாரும் சொல்லவில்லை போல.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
ராத்திரியில் பைசா பாக்கியில்லாமல்
ஊர் மேல் கொட்டுகின்றன.

எங்கள் ஊரை முன்பே யாரோ சுருக்கிவிட்டார்கள்:
கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை,
ஆற்றில் தண்ணீர் இல்லை.
இன்னும் இரண்டு 'இல்லை' உண்டு,
அதில் ஒன்று பெண்களைப் பற்றியது;
அதை எழுதியவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.
கோயிலுக்குச் சாமி வந்து நாளாயிற்று.
யாரும் திருத்தி எழுதவில்லை.
காட்பாடி பஸ் பாலத்தைக் கடக்கையில்
எட்டிப் பார்க்கிறேன் தினமும்.
அந்த ஒரு வரி மட்டும் அப்படியே சரியாக இருக்கிறது.

நான்காம் பத்தியில் ஓர் உதாரணம்.
'வடமாவட்ட நகரொன்றில்
ஒன்பது நாளைக்கு ஒருமுறை
நள்ளிரவு தாண்டி வரும் குழாய்நீருக்காகப்
பெண்கள் முறைபோட்டு விழித்திருக்கிறார்கள்.
இதுவும் ஒருவகைத் தகவமைப்பே.'

முபீனா என்னைப் பார்த்தாள்.
போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒருவர் வந்தார்.
கேமரா, தோள்பை, கையில் பன்னீர் சோடா.
'பழகிடுச்சாம்மா?' என்றார்.
'பழகாம என்ன சார் பண்றது?' என்றேன்,
குடத்தை இடுப்பில் சரிசெய்தபடி.
என் நான்கு சொல்லை
ஒரே சொல்லாக்கியிருக்கிறார்.
நல்ல சுருக்கம்.
கேள்விக்குறியைத் தவற விட்டதற்கு ஒரு மதிப்பெண் குறைக்கலாம்.

பகலில் முப்பத்தைந்து ரூபாய்க்கு
நான் பில் போடும் கேனைப் பற்றி
கட்டுரையில் எங்கும் ஒரு வரி இல்லை.
அது எந்தப் போர்வெல்லில் இருந்து வருகிறது,
அந்தத் தெருக் குழாய்க்கு என்ன ஆயிற்று...
எழுதப் போனேன்.
'மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது' என்றாள் முபீனா.
விதி.
அடுத்த விதியையும் அவளே சொன்னாள்:
'உதாரணத்தை வெட்டு. நாமளா இருந்தாலும் வெட்டுடி.'

வெட்டினேன்.
சாவித்திரியக்கா வீட்டு நீலக் குடம்,
தூங்கி விழுந்து முட்டி சிராய்த்த ஜெபராணி,
முறை மாறிப்போன சண்டை,
எல்லாம் சேர்த்து ஒரே கோடு.

எண்ணிப் பார்த்தோம்.
நூற்றுப் பதினெட்டு.
இரண்டு சொல்லுக்கு இடம் பாக்கி.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தேன்.
இரண்டு சொல்லில்
குடம்கூட நிறையாது.
குறைந்தால் மதிப்பெண் போகாது, விடு என்றாள்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். என் முறை.
ஒன்றரை மணிக்குக் குழாய் முதலில் இருமும்,
அப்புறம் காற்று, அப்புறம் செம்மண் நிறம்.
அதுவரை தெருவிளக்கு எரிந்தால்
அடுத்ததைப் போட்டுப் பார்க்கலாம்:
மின்னணுக் கழிவு மேலாண்மை.
நானூற்று ஐம்பது சொல்.
நூற்று ஐம்பதாக்க வேண்டும்.